இருபது நிமிஷம், ஒரு கண்ணாடிக் குழாய்

பதினாறு வருஷமாக ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுப் பிழைக்கிறேன். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தெருவில் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், ஸ்பைரல் எல்லாம் உண்டு. ஆனால் வாடகை கட்டுவது ரெக்சின் அட்டையும் தங்க எழுத்தும்தான். வைவா தேதி வந்துவிட்ட பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வருவார்கள். "அண்ணா, நாளைக்குக் காலையில அஞ்சு காப்பி வேணும், இல்லன்னா கைடு கொன்னுடுவார்." சரி என்று வாங்கி வைத்து, ராத்திரி பசை தடவி, இரும்பு பிரஸ்ஸில் அடுக்கி, கைப்பிடியைத் திருகி இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

அந்த பிரஸ்ஸுக்குள் யாருக்குப் பக்கத்தில் யார் என்று ஒரு முறையும் கிடையாது. புரத வேதியியலின் மேல் தெருக்கூத்து படுத்திருக்கும். அதன் மேல் வாடகைச் சட்டம், அதற்கும் மேல் சிறுநீரக மருத்துவம். விடிந்ததும் ஒவ்வொன்றும் அதனதன் துறைக்குப் போய்விடும். நானும் முதுகில் எழுத்து ஒட்டுவதற்காகத் தலைப்பைப் படிப்பேன், வம்புக்காக நன்றியுரையைப் படிப்பேன் (மனைவிக்குக் கடைசி வரியில் நன்றி சொல்பவர்கள் எத்தனை பேர் என்று ஒரு ஆய்வே செய்யலாம்). அதற்கு மேல் உள்ளே போனதில்லை. சித்தப்பாவைப் பூச்சி கடிக்கும் வரை.

பூச்சி என்றால் பாம்பு. மதுராந்தகத்துக்கும் செய்யூருக்கும் நடுவில் எங்கள் ஊர். விளக்கு வைத்த பிறகு அங்கே யாரும் அதன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ஆவணிக் கடைசியில் ஒரு சாயங்காலம், மடை மாற்றப் போன சித்தப்பா வரப்பில் கால் வைத்த இடத்தில் கண்ணாடி விரியன். குக்கர் விசில் மாதிரி சீறல் கேட்டதாம். "கேட்டு நிமிர்றதுக்குள்ள குதிகால்ல போட்டுடுச்சி" என்றார் பிறகு. துண்டால் இறுக்கிக் கட்டலாம் என்றார் ஒருவர். பிளேடால் கீறலாம் என்றார் இன்னொருவர். மந்திரிக்கிறவர் வீட்டுக்கு ஆள் அனுப்பவும் தயாராக இருந்தார்கள். சித்திதான் எல்லாரையும் அதட்டி, பக்கத்து வீட்டுப் பையனின் வண்டியில் அவரை ஏற்றினாள். பையன் ஓட்ட, நடுவில் சித்தப்பா, பின்னால் அவரைக் கட்டிப் பிடித்தபடி என் தம்பி. முக்கால் மணி நேரத்தில் அரசு மருத்துவமனை.

நான் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பதினொன்றரை. கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது, ஒரு துணியை வாயில் ஒற்றியபடி கிடந்தார். பத்துக் குப்பி மருந்து ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ஒரு சிஸ்டர் வந்து நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டாண்டில் நிறுத்தினார். கைபேசியில் இருபது நிமிஷத்துக்கு அலாரம் வைத்தார். "யாரும் தொடாதீங்க, ஆட்டாதீங்க."

அவ்வளவுதான் பரிசோதனை. ஸ்கேன் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. நானும் தம்பியும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அலாரம் அடித்ததும் சிஸ்டர் வந்து குழாயை எடுத்து ஒரே ஒரு தரம் சாய்த்தார். ரத்தம் காபி டம்ளரைச் சாய்த்தது போல ஓடி வந்தது.

"இன்னும் உறையல. மறுபடி மருந்து போடணும்."

இந்தக் காலத்தில் இன்னும் கண்ணாடிக் குழாயா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பிளாஸ்டிக்ல வெச்சா பொய் சொல்லும் சார்" என்றார். கண்ணாடியின் பரப்பு பட்டால்தான் ரத்தத்தில் உறைகிற வேலை சரியாகத் தொடங்குமாம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது, புதிதாக, உலர்ந்து இருக்கவேண்டும். காலை ஆறு மணிக்கு மறுபடி எடுத்தார்கள். மறுபடி இருபது நிமிஷம். இந்த முறை குழாயைச் சாய்த்தார், அசையவில்லை. தலைகீழாகவே கவிழ்த்தார். அல்வாத் துண்டு மாதிரி அடியிலேயே நின்றது. சித்தி அழ ஆரம்பித்தாள்.

சிறுநீர்ப் பையில் எவ்வளவு சேருகிறது என்று அடுத்த நாலு நாள் மணிக்கு மணி குறித்தார்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தைச் சாப்பிட்டுவிடும். அவருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

ஊர் திரும்பிய பிறகு எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது. அது என்ன பத்துக் குப்பி? ஏன் எட்டு இல்லை, ஏன் பன்னிரண்டு இல்லை? கடைக்கு வரும் மருத்துவப் பிள்ளைகளிடம் கேட்டேன், காகிதங்கள் கொடுத்தார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். கணக்கு இதுதான். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் விஷம் இறக்கும் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். இந்திய மருந்தின் ஒரு மில்லி, அந்த விஷத்தில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். குப்பிக்குப் பத்து மில்லி. பத்துக் குப்பி என்றால் 60 மில்லிகிராம். முடிந்தது கணக்கு. ஆனால் அதே அளவீட்டில் பாம்புக்குப் பாம்பு 5 மில்லிகிராமிலிருந்து 147 வரை போகிறது. உங்களைக் கடித்தது எந்த மனநிலையில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தக் குழாய். முதல் பத்துக் குப்பி சராசரிக்கு, அடுத்தது உங்கள் ரத்தம் என்ன சொல்கிறதோ அதற்கு.

இந்தச் சோதனை டேவிட் வாரல் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1970களில் நைஜீரியாவில் விரியன் கடித்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புழக்கத்துக்கு வந்தது. ஆய்வுக்கூட வசதி இல்லாத இடத்தில் எது சாத்தியமோ அதை வைத்துச் செய்தது. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதுவே நின்றது.

அப்புறம் மருந்து எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், சுற்றிச் சுற்றி எங்கள் ஊர்ப் பக்கமே வந்து நின்றது. மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி. முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறேன், அப்போது வேடிக்கை. இப்போது தனியாகப் போய் நின்றேன். பள்ளமான தரையில் வரிசையாக மண்பானைகள், வாயில் துணி கட்டியவை. இருளர் ஒருவர் ஒரு பானையின் கட்டை அவிழ்த்து, கொக்கியால் விரியனை வெளியே எடுத்தார். தலையைப் பிடித்து, மேலே சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் கடிக்க வைத்தார். மஞ்சளாக நாலைந்து சொட்டு இறங்கியது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா "இவ்ளோதானா!" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. இந்தச் சொட்டை உலர்த்தி, மருந்துக் கம்பெனிக்கு அனுப்பி, அங்கே குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் சித்தப்பாவின் குப்பி. இங்கே பிடித்து வரும் பாம்பை மூன்று வாரம் வைத்திருந்து, நாலு முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். மறுபடி அதே பாம்பு மாட்டினால் செதில் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சங்கம் ஒரு சட்டத்தின் பிள்ளை. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, சில வருஷத்தில் பாம்புத் தோல் ஏற்றுமதியும் நின்றது. அதுவரை தோலுக்காகப் பாம்பு பிடித்துத்தான் இருளர்களில் பல குடும்பங்கள் சாப்பிட்டன. காட்டுக்குச் சட்டம் நல்லது செய்தது, குடிசையில் உலை அணைந்தது. பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேகர் துணையோடு 1978இல் இந்தச் சங்கம் தொடங்கி, கொல்லாமல் விஷம் மட்டும் எடுத்து விற்க வழி பிறந்தது. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு இன்றும் வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி தாமதமானால் விஷம் குறையும், விஷம் குறைந்தால் மருந்து குறையும். சட்டத்துறை மாணவர்கள் என் கடைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், ஒரு அரசாணைக்கும் ஒரு குப்பிக்கும் நடுவில் இப்படி ஒரு கயிறு ஓடுவது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருளர்களின் அறிவை எந்த அலமாரியில் வைப்பது? மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து என்ன பாம்பு, எப்போது போனது, எந்த வளையில் இருக்கிறது என்று சொல்கிறார்கள். 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகித் தொல்லை தரும் பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். அழைத்தவர்களில் ஒரு பல்கலைக்கழகமும் உண்டு. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் பெயரில் தங்க எழுத்து ஒட்ட எனக்கு வாய்ப்பு வராது, அவர்கள் எழுதுவது மண்ணில்.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை உண்டு. நாட்டுக்கே மருந்து செய்ய எடுக்கும் விஷத்தில் பெரும்பங்கு இந்தச் சில மாவட்டங்களின் பாம்புகளிலிருந்து வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகைக்கும் சேர்த்து ஒரே மருந்து. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனாகரின் குழு வெவ்வேறு மாநிலப் பாம்புகளின் விஷத்தை எடுத்துப் பார்த்ததில், ஒரே இனப் பாம்புக்கே இடத்துக்கு இடம் விஷத்தின் கலவை மாறுகிறது. இந்த நாலில் சேராத வேறு இனங்களும் கடிக்கின்றன. செங்கல்பட்டுப் பாம்புக்கு நன்றாகக் கேட்கும் மருந்து, எங்கோ வடக்கே மல்லுக்கட்டுகிறது. சித்தப்பாவுக்கு இருந்த அதிர்ஷ்டங்களில் இதுவும் ஒன்று. கடித்தது பக்கத்து ஊர்ப் பாம்பு, மருந்தும் பக்கத்து ஊர் மருந்து.

இதே விஷத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதை நான் கண்டது ஒரு லேப் பில்லில். இரண்டு முறை கரு தங்காமல் போன என் மாமா பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பில்லில் ஒரு வரி: டைல்யூட் ரஸ்ஸல்ஸ் வைப்பர் வெனம் டைம். இரண்டு தரம் படித்தேன். ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்றால் கண்ணாடி விரியன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்து, 1796இல் இந்தியப் பாம்புகள் பற்றிப் புத்தகம் போட்ட பேட்ரிக் ரஸ்ஸல் பெயரில் வழங்குகிறது. இந்த விஷம் ரத்தம் உறையும் சங்கிலியில் நடுவில் புகுந்து, எக்ஸ் என்று பெயரிட்ட காரணியை நேராக முடுக்கிவிடும். உடம்பில் ஏறினால் உறைபொருள் எல்லாம் தீர்ந்துபோய் ரத்தம் தண்ணீராகிறது, சித்தப்பாவின் குழாயில் பார்த்தது அதுதான். சோதனைக் குழாயில் துளியூண்டு நீர்த்துச் சேர்த்தாலோ, உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து, கருச்சிதைவுக்குக் காரணமாகும் ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். 1930களிலேயே மக்ஃபார்லேன் என்ற ஆங்கிலேய மருத்துவர், ரத்தம் நிற்காமல் ஓடும் ஹீமோபிலியா நோயாளிகளின் காயத்தில் இந்த விஷத்தை நீர்த்துத் தடவி நிறுத்தியிருக்கிறார். சுருட்டை விரியன் விஷத்தைப் பார்த்து வடிவமைத்த டிரோஃபிபான் இன்று மாரடைப்பு வார்டில் ஓடுகிறது. பாம்பு பிடித்த இருளருக்கும், மாமா பெண்ணின் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்ட டாக்டருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

சரி, இதெல்லாம் படிக்க ருசியானவை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று, அதில் விஷம் ஒரு சொட்டும் இல்லை. வெறும் எண்ணிக்கை.

இந்தியாவில் வருஷத்துக்கு எத்தனை பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள்? 1869ஆம் வருஷத்துக்கு ஜோசப் ஃபேரர் என்ற பிரிட்டிஷ் காலத்து டாக்டர், பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியில் மட்டும் 11,416 சாவுகளைத் திரட்டியிருக்கிறார். அதற்கு நூற்று முப்பது வருஷத்துக்குப் பிறகு மருத்துவமனைகள் தரும் கணக்கு அதில் ஒரு சிறு பங்கு. ஆஸ்பத்திரிக்கு வந்து செத்தால்தானே கணக்கு? வீட்டில், மந்திரிக்கிறவர் திண்ணையில், வழியில் ஆட்டோவில் போனவர்களை யார் எழுதினார்கள்?

அதனால் சிலர் வீடு வீடாகப் போனார்கள். நாடு முழுக்கக் குலுக்கலில் தேர்ந்த 6,671 சிறு பகுதிகள். 2001 முதல் 2003 வரை அங்கே நடந்த சுமார் 1,23,000 சாவுகள். மருத்துவம் படிக்காத களப்பணியாளர்கள் இறந்தவர் வீட்டுக்குப் போய், எப்படிப் போனார், முதலில் என்ன ஆனது, எங்கே வலித்தது என்று கேட்டு, வீட்டார் சொன்னதை அவர்கள் சொல்லிலேயே எழுதி வாங்கினார்கள். அந்தத் தாளை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்து, சாவுக்குக் காரணம் இதுவென்று தீர்மானித்தார்கள். அவற்றில் பாம்புக்கடி 562. அதை நாட்டுக்கு விரித்தால் 2005இல் 45,900 சாவு. மருத்துவமனைக் கணக்கைவிட முப்பது மடங்குக்கும் மேல். 2011இல் இது வெளியானது. பிறகு 2020இல் வந்த கணக்கு இன்னும் கூடுதல்: 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000.

என் கடைக்கு வரும் விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வேலை கொஞ்சம் இளக்காரம். "அது சர்வேண்ணா" என்பார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். திண்ணையில் உட்கார்ந்து ஒரு விதவையிடம், "ராத்திரி படுத்தவர் காலையில் கண் இமையைத் தூக்க முடியாமல் இருந்தாரா? வயிறு வலிக்கிறது என்றாரா?" என்று கேட்கத் தெரிந்திருக்கவேண்டும். கட்டுவிரியன் தரையில் படுத்தவரைத் தூக்கத்தில் கடிக்கும், வலியே இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. வீட்டார் பாம்பு என்றே சொல்லமாட்டார்கள். எங்கள் ஊரில் சொன்னாலும் "பூச்சி" என்பார்கள். பூச்சி என்றால் என்னவென்று தெரியாத ஆள் தாளில் என்ன எழுதியிருப்பான்? இதைவிடக் கஷ்டமான ஆராய்ச்சி எது என்று எனக்குத் தெரியவில்லை. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது, 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனையும் இனி கணக்குக் கொடுக்கவேண்டும். இதற்கெல்லாம் அடியில் அந்த 562 தாள்களும் கிடக்கின்றன.

பாம்புக்கடியை நம்பமறுப்பதும் சில சமயம் ஆராய்ச்சிதான். 2020 மே மாதம் கேரளத்தில் கொல்லம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண் தூக்கத்தில் நல்ல பாம்பு கடித்து இறந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்தான் விரியன் கடித்துப் பிழைத்திருந்தாள். ஊர் விதி என்றது, தாய் தகப்பன் நம்பவில்லை. வழக்கில், கோழிக்கறி கட்டிய பொம்மைக் கையில் உயிருள்ள நல்ல பாம்பைக் கடிக்க வைத்துப் பார்த்தார்கள். தானாகக் கடித்தால் இரண்டு பல் தடத்துக்கும் இடைவெளி இரண்டு சென்டிமீட்டருக்குள். தலையை அழுத்திப் பிடித்துக் கடிக்க வைத்தால் இடைவெளி அகன்றுவிடுகிறது. அவள் கையில் இருந்தது அகன்ற தடம். 2021 அக்டோபரில் கணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை. ஊர்வனவியல், தடயவியல், சாட்சியச் சட்டம் மூன்றும் ஒரு கோழிக்கறித் துண்டின் மேல் சந்தித்திருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், நேபாளத்தில் நடந்தது. தென்கிழக்கே டமக் என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில், பாம்பு கடித்தவரை மோட்டார் சைக்கிளில் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுவர ஊர்க்காரர்களைத் தயார் செய்தார்கள். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் கடிபட்டவரை உட்கார வைக்கவேண்டும். இதோடு ஊருக்குள் விழிப்புணர்வுப் பிரசாரமும். நூற்றுக்குப் பத்துப் பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், இருநூறுக்கு ஒருவர் என்று குறைந்தது. இதைப் படித்த அன்றே தம்பிக்குப் போன் செய்து, "நீங்க சித்தப்பாவை நடுவுல வெச்சுக் கூட்டிட்டுப் போனது பெரிய ஆராய்ச்சிடா" என்றேன். "வேற எப்படிப்பா கூட்டிட்டுப் போறது? பின்னால வெச்சா விழுந்துடுவாரு" என்றான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போனேன். இரண்டு நாள் போட்டாராம். "சேத்துல இறங்குனா கால் வருது, பூட்ஸ் வரமாட்டேங்குதுடா. வரப்பு எங்க இருக்குன்னு பாதத்துக்குத் தெரிய வேணாமா?" என்று என்னையே கேட்டார். டார்ச் மட்டும் எடுத்துப் போகிறார், கம்பால் தட்டிக்கொண்டே நடக்கிறார். பூட்ஸ் மாட்டுக்கொட்டகை விட்டத்தில் தொங்குகிறது. ஒன்றில் சித்தி விதைக்கு மல்லாட்டை போட்டு வாயைக் கட்டி வைத்திருக்கிறாள்.